இரண்டு மணி நாற்பது நிமிடம்

வாந்தி வராமலிருக்க என் மகள் தாரணி கொடுத்த மாத்திரை கண்ணை இழுத்துக்கொண்டே போகிறது. தூங்கிவிடக் கூடாது. தூங்கினால் இவள் சொல்ல வந்ததைச் சொல்லாமலே விட்டுவிடுவாள். விட்டுவிட்டால் நல்லதுதானே என்றும் ஒரு பக்கம் தோன்றுகிறது, இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகட்டுமே, ஆனால் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுத்தான் நாற்பது நாள் ஆயிற்று, நான் இவள் வீட்டுக்கு அமெரிக்கா வந்து. படகு என்று சொன்னாள், நான் பவானி ஆற்றுப் பரிசல் மாதிரி எதையோ நினைத்துக்கொண்டு வந்தேன். இது கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது, இரண்டு மாடி, சுற்றிலும் கண்ணாடி, வரிசையாக மேசை, மேசைக்கு மேசை நம்பர். எங்களுக்குப் பதினாலு. தலைக்கு மேலே வெதுவெதுப்பாகக் காற்று வருகிறது, பாதம் மட்டும் சில்லிட்டுக் கிடக்கிறது, இரண்டு சாக்ஸ், அதற்கு மேல் தாரணியின் பழைய ஷூ, அப்படியும். சியாட்டலிலிருந்து விமானத்தில் மூன்றரை மணி நேரம், அப்புறம் காரில், அப்புறம் இந்தப் படகு, இதெல்லாம் ஐஸைப் பார்க்க. அலாஸ்காவில் கடலுக்குள் இறங்கி நிற்கும் பனிமலையாம், பார்க்காமல் ஊருக்குப் போகக் கூடாதாம். மாப்பிள்ளை வரவில்லை. ஆபீஸில் வேலை. ஏர்போர்ட்டில் எங்களை இறக்கிவிட்டவர் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் நடுவில் குனிந்து என் காலைத் தொட்டார். "போய்ட்டு வாங்க அத்தை. உடம்பப் பாத்துக்கங்க." தீபாவளிக்குக்கூடப் போனிலேயே கும்பிட்டுக்கறேன் அத்தை என்கிற மனிதர். எழுந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் இருந்த கண்ணாடிக் கதவைப் பார்த்தார். அப்போதே புரிந்துவிட்டது. திரும்பிப் போகும்போது அந்த வீட்டில் அவர் இருக்க மாட்டார்.

இவர்கள் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை. போட்டால் தேவலை என்று இருந்தது. எங்கள் வீட்டில் இவள் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார், சாயங்காலம் காபிக்கு வந்து நிற்பார், அதோடு சரி. இங்கே இவள் தேங்க்ஸ் என்கிறாள், அவர் பரவால்ல என்கிறார், பேங்கில் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற மாதிரி. சாப்பிட்ட தட்டை அவரே கழுவித் துடைத்து வைத்துவிட்டு மீட்டிங் என்று மாடி அறைக்குப் போகிறார். துணி மடித்து வைக்கப் போனபோது அந்த அறையைப் பார்த்தேன், தலையணை, போர்வை, குளித்த துண்டு, ஷேவிங் சாமான், ஒரு ஆள் தனியாகக் குடியிருக்கிற அறை. கதவைச் சாத்திவிட்டு வந்து முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அன்றிலிருந்து தினமும் நூற்றெட்டு முருகா. ஐம்பதைத் தாண்டினால் மனம் அந்தத் தலையணைக்குப் போய்விடுகிறது, எண்ணிக்கை தப்பிவிடுகிறது, மறுபடி ஒன்றிலிருந்து. நாற்பது நாளில் எத்தனை முறை ஒன்றிலிருந்து ஆரம்பித்திருப்பேன். நேற்று ஓட்டல் அறையில் தலை வாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, இவள் சொன்னாள், "நாளைக்குப் போட்ல உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்மா." ஏன் படகில் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் என்றால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன், குக்கரில் விசில் வரவில்லை, பால் பொங்கும் என்று. இவளுக்குத் தெரியும். இங்கே அடுப்படி இல்லை. சுற்றிலும் தண்ணீர்.

பிரிகிறார்கள் என்பதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். தாங்குவேனா, தெரியவில்லை, தாங்கித்தானே ஆக வேண்டும், ஊரில் எத்தனையோ வீட்டில் நடக்கிறது. அதுவல்ல. இது நான் செய்தது. அதைச் சொல்வதா வேண்டாமா என்பதுதான் இந்த நாற்பது நாளும், இல்லை, இந்த எட்டு வருஷமும்.

"அம்மா, அங்க பாரு, அந்த பாசிகிட்ட. நீர்நாய்."

"எங்க? அதா? மல்லாந்து படுத்துக் கெடக்குது."

"அதுங்க தூங்கறதே அப்படித்தான். கைய வயித்து மேல வெச்சுக்கிட்டு."

"உங்கப்பா சாப்ட்டுப் போட்டுப் படுத்த மாதிரி."

சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நம்ம ஊர்ச் சிரிப்பு. எவ்வளவு நாள் ஆயிற்று. சிரிக்கும்போது கண்ணுக்குக் கீழே கருவளையம் இன்னும் நன்றாகத் தெரிகிறது. முப்பத்தொன்பது வயது. பிறந்தபோதும் இந்த முகம்தான், களைத்த முகம், பெரிய காரியம் ஏதோ முடித்துவிட்டு வந்தவள் மாதிரி. பகல் நேரம். பிரசவ அறைச் சுவரில் வட்டக் கடிகாரம், அதற்குக் கீழே ஒரு காலண்டர். நர்ஸம்மா தலையைத் தூக்கிப் பார்த்து உரக்கச் சொன்னார், "ரெண்டு நாப்பது, பொட்டப்புள்ள, எழுதிக்கோ." எனக்கு வலியில் வேறொன்றும் காதில் விழவில்லை, அது மட்டும் விழுந்தது. இன்றைக்கும் எங்கேயாவது கடிகாரத்தில் இரண்டு நாற்பது பார்த்தால் அடிவயிறு ஒருமுறை சுருங்கி விடும். இரண்டு நாற்பதுக்கு ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். படித்தாள், வேலைக்குப் போனாள், பார்க்க லட்சணமாக இருந்தாள், பெண் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இவளைப் பிடித்துத்தான் போனார்கள், போய்ப் போன் பண்ணுவார்கள், பையனோட அம்மா இருக்காங்களேங்க, ரெண்டாவது யோசிக்க வேண்டியிருக்குது. பதினோரு இடம். பதினொன்றாவது இடத்துக்காரர்கள் நான் சுட்ட அதிரசத்தைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டு அதையே சொன்னார்கள். முப்பது முடிந்து முப்பத்தொன்று. ராத்திரிகளில் இவள் அப்பா தூங்குகிற மாதிரி படுத்திருப்பார், மூச்சை வைத்தே எனக்குத் தெரியும் தூங்கவில்லை என்று. எங்கள் ஊர் ஜோசியர் ஒரு நாள் அனுதாபப்பட்டுச் சொன்னார், மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை பாவம், "இன்னும் கால் மணி நேரம் பொறுத்துப் பொறந்திருந்தாக் கொழந்த மகம்ங்க, சிம்ம ராசி, கண்ண மூடிட்டுக் கட்டிட்டுப் போவாங்க." கால் மணி நேரம். நான் முக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கால் மணி நேரம் இருந்திருக்கக் கூடாதா.

ஜாதக நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டேன். மஞ்சள் தடவிய மூலை சுருண்டு எரிந்ததை நின்று பார்த்தேன். கரையான் அரித்துவிட்டது, புதுசாகக் கணிக்க வேண்டும் என்று இவள் அப்பாவிடம் சொன்னேன், காங்கேயத்தில் எங்களைத் தெரியாத ஒரு ஜோசியரிடம் நானே பஸ் ஏறிப் போனேன். "நேரம் சரியாத் தெரியுங்களாம்மா, நேரம்தான் முக்கியம்." "தெரியுங்க. மூணு அஞ்சு." பொய் சொன்னால் நாக்கு குழறும் என்று நினைத்திருந்தேன், குழறவில்லை. எட்டாவது படித்தவள், ஒரு கணக்கையும் ஒழுங்காகப் போடத் தெரியாதவள், இந்த ஒரு கணக்கை மட்டும் அவ்வளவு சுத்தமாகப் போட்டேன். பழைய நோட்டில் நேரத்தைத் தப்பாக எழுதியிருந்தார்கள், இவள் ஆயில்யமே இல்லை, மகம் என்று வீட்டில் சொன்னேன், அப்பாவும் மகளும் நம்பினார்கள். இருபத்தைந்து நிமிடத்தில் நட்சத்திரம் மாறி ராசி மாறி, மூன்றாம் மாதம் மாப்பிள்ளை யுவராஜ் ஜாதகம் வந்தது, பத்துக்கு ஒன்பது பொருத்தம், இப்படி அமையறது அபூர்வம்ங்க என்றார்கள். கல்யாணம் நடந்தது. யாருக்கும் தெரியாது. இவளுக்கும் தெரியாது. இரண்டாம் வருஷம் சம்பந்தியம்மா போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் அழுதார்கள், நான் அழவில்லை, கூடத்தில் கிடத்தியிருந்த அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை, கிட்டே போய் மாலை போட வேண்டும், போட்டேன், கை அந்த அம்மா கன்னத்தில் பட்டுவிட்டது. அந்தச் சில்லிப்புதான் இப்போது பாதத்தில் இருக்கிறதோ. இல்லை, இது கடல் காற்று. ஒன்றை ஒன்றோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறேன், மாத்திரை.

மலைக்கோயிலில் ஒவ்வொரு சஷ்டிக்கும் இவள் பேருக்கு அர்ச்சனை. இவள் அப்பா தேங்காய்ப் பழத் தட்டோடு பக்கத்தில் நிற்பார், குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்பார், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார், தாரணி, மகம், சிம்ம ராசி. குருக்களும் அதையே சொல்லிப் பூவைப் போடுவார். நான் கையைக் கூப்பிக்கொண்டு மனசுக்குள் அவசர அவசரமாகச் சொல்லுவேன், முருகா, ஆயில்யம், ஆயில்யம், இவ ஆயில்யம். மணிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்டிருக்குமா. எட்டு வருஷம் மாசத்துக்கு ஒன்று, அத்தனை அர்ச்சனையும் மகத்தில் பிறந்த எந்தத் தாரணிக்குப் போய்ச் சேர்ந்ததோ, அவள் எங்கேயோ நன்றாக இருப்பாள், குழந்தை குட்டியோடு. என் மகள் மேல் ஒரு பூகூட விழவில்லை. கந்தா, நான் உன்னை ஏமாற்றவில்லை, ஜோசியரைத்தான் ஏமாற்றினேன் என்று சொல்லிப் பார்ப்பேன். அப்படிச் சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று தெரியும். மறுபடி ஒன்றிலிருந்து.

மைக்கில் கேப்டன் ஏதோ சொல்ல எல்லோரும் எழுந்து கோட்டை மாட்டுகிறார்கள். தாரணி எனக்கும் மாட்டிவிட்டாள், ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, தொப்பியைக் காதுக்கு மேல் இறக்கி, பள்ளிக்கூடத்துக்கு நான் இவளைக் கிளப்பியது மாதிரி. முழங்கால் பிடித்துக்கொண்டது, மேசையைப் பிடித்து எழுந்து, கம்பியைப் பிடித்து வாசலுக்கு. கதவைத் திறந்ததும் பால் சொசைட்டியில் குளிர் அறைக் கதவைத் திறந்தால் வருமே, அந்தக் காற்று, மூஞ்சியில் அறைந்த மாதிரி. எதிரே அது. நான் வெள்ளையாக இருக்கும் என்று நினைத்தேன். மேலே அழுக்காக, மண்ணும் கல்லும் கலந்து பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி, நடுவில் உடைந்த இடத்தில் மட்டும் நீலம். கை தவறி நீலம் அதிகமாகப் போட்டுவிட்ட வேட்டி மாதிரி நீலம். கும்பிடத் தோன்றியது, கையைப் பையிலிருந்து எடுக்க முடியவில்லை. மஷீனை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சின்னச் சின்ன ஐஸ் துண்டுகள் தண்ணீரில் மிதந்துகொண்டு சடசடவென்று ஒரு சத்தம், எண்ணெயில் கடுகு கடைசியாகப் பொரிந்து அடங்குமே, அப்படி. உள்ளே அடைபட்ட பழைய காற்று வெளியே வருகிற சத்தமாம், பல நூறு வருஷத்துக் காற்றாம், தாரணி காதோடு சொன்னாள். ஐஸ் உடைந்து விழுவதைப் பார்க்கத்தான் எல்லோரும் காத்திருக்கிறார்கள், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் ஒரு கிழவனும் கிழவியும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நிற்கிறார்கள். தாரணி அவர்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "பின்னாடி போலாம்மா, காத்து கொஞ்சம் கம்மியா இருக்கும்" என்றாள்.

பின்பக்கம் யாருமில்லை. ஒரு இரும்புப் பெட்டி மேல் என்னை உட்கார வைத்தாள். தான் உட்காரவில்லை.

"அம்மா. நானும் யுவராஜும் பிரியறதா முடிவு பண்ணிட்டோம்."

"தெரியுங் கண்ணு."

"எப்படி?"

"மாப்பிள்ளை கால்ல விழுந்தாரே."

இவள் தலையை ஆட்டினாள். இதற்குத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தாளா என்று அவளுக்கே தோன்றியிருக்கும். "அவர் நல்லவர்தாம்மா. யாரும் யாரையும் ஒன்னும் பண்ணல. கை நீட்டல, குடிக்கல, வேற யாரும் இல்ல. ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்துக்கிட்டு ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டுது. அவ்வளவுதான்." இப்போது சொல்ல வேண்டும். இப்போது சொல்லக் கூடாது, இவள் துக்கத்தில் என் பாரத்தை ஏன் கொண்டுபோய்ப் போட வேண்டும், சொன்னால் எனக்குத்தான் லேசாகும், இவளுக்கு என்ன லாபம். வைத்துக்கொள், என்னோடே எரியட்டும். வாயை மூடிக்கொண்டு கையைப் பிடித்துக்கொண்டால் போதும், அம்மா என்றால் அவ்வளவுதானே. கையைப் பிடித்தேன். உறைக்குள் இவள் விரல் எது என் விரல் எது என்று தெரியவில்லை. "எனக்கு ஒன்னுதாம்மா தாங்க முடியல" என்றாள். கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எல்லாம் பொருந்தித்தானே வந்துச்சு. பத்துக்கு ஒன்பது. உனக்கு ஞாபகம் இருக்கா, ஜோசியர் அப்பா கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரே. நான் இதெல்லாம் நம்பறவ இல்ல. ஆபீஸ்ல யாராவது சொன்னாச் சிரிப்பேன். ஆனா ஒவ்வொரு தடவையும், அவர் மாடிக்குப் போறப்ப, எனக்கு அதுதான் வரும். இவ்வளவு பொருத்தம் இருந்தும் ஒருத்தி வாழ முடியலைன்னா, தப்பு ஜாதகத்துல இல்ல, அவகிட்ட. என்கிட்டதாம்மா ஏதோ ஒன்னு இல்ல. எட்டு வருஷமா அதைத் தேடிக்கிட்டு இருக்கேன்."

இதை நான் நினைக்கவே இல்லை. பொருந்தாததைப் பொருத்திவிட்டேனே, அதனால் கெட்டது என்று நான் அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பொருந்தியும் வாழவில்லையே என்று இவள் இங்கே தன்னையே தின்றுகொண்டிருந்திருக்கிறாள். என்னோடே எரியட்டும் என்றேனே, அது என்னோடு எரியவே இல்லை.

"தாரணி. நீ பொறந்தது மூணு அஞ்சுக்கு இல்ல சாமி."

"என்னது?"

"ரெண்டு நாப்பது. ஆயில்யந்தான். நாந்தான் மாத்தி எழுத வெச்சேன். உங்கப்பாவுக்கும் தெரியாது. பழைய நோட்ட எரிச்சுப்போட்டேன்."

திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் ஷூவைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன், பதினோரு இடம், கால் மணி நேரம், காங்கேயம், எல்லாம். முன்பக்கம் இடி இடித்த மாதிரி ஒரு சத்தம், ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள், கொஞ்ச நேரம் கழித்துப் படகு எங்களைத் தூக்கி இறக்கியது. நாங்கள் எழுந்து போகவில்லை.

"அப்ப அந்தப் பொருத்தம்?"

"உன்ற ஜாதகத்துக்குப் பாக்கவே இல்ல கண்ணு. அது யாருக்கோ பாத்தது."

"எட்டு வருஷமா வாராவாரம் சிம்ம ராசிக்குப் பலன் பாத்துட்டு இருக்கேன்" என்றாள். சிரிக்கிற மாதிரி ஆரம்பித்து, நடுவில் உடைந்து, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தொப்பி கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், என்னால் அவ்வளவு குனிய முடியவில்லை. வெகுநேரம் அழுதாள். நான் முருகனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"உங்க மாமியா போனதுகூட," என்று ஆரம்பித்தேன்.

"அம்மா, நிறுத்து." மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டாள். "அவங்களுக்குச் சுகரு இருந்துச்சு. மாத்திரைய ஒளிச்சு வெச்சுட்டு லட்டு சாப்ட்டாங்க. அதையும் எடுத்துத் தலைல வெச்சுக்கிட்டு இருந்தியா?"

கீழே கிடந்த தொப்பியை ஷூவால் என் பக்கம் இழுத்தேன்.

"எனக்கு உன் மேல கோவம் வருது. ரொம்ப வருது. இப்பப் படறதுக்குத் தெம்பில்ல. நீ ஊருக்குப் போறதுக்குள்ள படறேன்."

"படு. எத்தன நாளுன்னாலும் படு."

மஷீன் மறுபடி ஓடத் தொடங்கியது. உள்ளே வந்து பதினாலாம் நம்பரில் எதிரெதிரே உட்காராமல் ஒரே பக்கம் உட்கார்ந்தோம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து புளிச்சோற்றை இரண்டாகப் பகிர்ந்தேன், அவள் பாதிச் சாப்பாட்டில் சுவரில் சாய்ந்துவிட்டாள், கண் மூடியிருந்தது, தூங்கவில்லை. முகம் வீங்கி இருந்தது. அப்படியே, கண்ணைத் திறக்காமல், "அப்பாகிட்ட யாரும்மா சொல்றது?" என்றாள்.

"நான் சொல்றேன்."

"எத?"

"ரெண்டையுந்தான்."

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். "அப்பா உன்னை வீட்டுக்குள்ள விடுவாரா?"

"விடலீன்னா இங்கயே இருந்துக்கறேன். மாடி ரூம்பு காலியாத்தான இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, வாய் மட்டும் ஒரு பக்கம் கோணியது. நான் முதல் வாக்கியத்தைத் தேட ஆரம்பித்தேன். ஏனுங்க, தாரணி விஷயமா ஒன்னு சொல்லணும். இல்லை, ஏனுங்க, நான் ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன். எதை முதலில் சொல்வது, பிரிகிறதையா, நோட்டை எரித்ததையா, நோட்டை முதலில் சொன்னால் கோபம் முழுதும் என் மேல் விழும், மிச்சம் இவளுக்கு இருக்காது. அதுதான் சரி. நோட்டு முதலில். நாற்பத்தொரு வருஷம் ஒரு வீட்டில் இருந்தும் இந்த மனிதர் இதற்கு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. கத்துவாரா, பேசாமல் இருப்பாரா. பேசாமல் இருந்தால்தான் பயம். வெளியே மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின, உடம்பு முழுக்க அசதி, ஆனால் தூக்கம் போய்விட்டது. துறைமுகம் கண்ணில் பட்டதும் அங்கங்கே போன்கள் கிணுகிணுத்தன. "சிக்னல் வந்துருச்சு," என்று தாரணி தன் போனை மேசைமேல் வைத்தாள், நடுவில், என் பக்கம் தள்ளவில்லை. "நாளைக்குப் பேசிக்கலாம்னாலும் பேசிக்கலாம்மா." அங்கே விடிகிற நேரம். வாசலில் லைட்டைப் போட்டிருப்பார். நானே எடுத்து, நானே அழுத்தினேன்.

நாலாவது மணியில் எடுத்தார். "ஆரு, ருக்குமணியா? என்ன இந்நேரத்துக்கு? ஐஸ் மல பாத்தாச்சா?"

"பாத்தாச்சுங்க. உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"மாட்டுக்கிட்ட உக்காந்திருக்கறேன். கறந்துபோட்டுக் கூப்புடட்டுமா?"

"வேண்டாங்க. கறந்து முடிங்க. நான் அப்படியே இருக்கறேன்."

போனைக் கீழே எங்கேயோ வைத்தார் போல. மாடு ஒருமுறை காலை மாற்றி வைத்தது. போசியில் பால் விழ ஆரம்பித்தது, முதலில் தகரத்தில் அடிக்கிற சத்தம், பிறகு பாலில் பால் விழுகிற சத்தம், சர், சர் என்று, அவசரமில்லாமல். தாரணி என் பக்கம் நகர்ந்து போனில் காதை வைத்தாள், அவள் கன்னம் என் கன்னத்தில் பட்டது, உப்பாக, சூடாக. படகு கரையைத் தொட்டது. ஜனங்கள் எழுந்து பைகளை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். சத்தம் மெலிந்து, சொட்டாகி, நின்றது. போசியை நகர்த்தி வைத்தார்.

"ம், சொல்லு" என்றார்.